பதினோராவது பெயர்

நான் ஓய்வுபெற்ற பிறகு காப்பகத்தில் என் மேசைக்கு வந்தவர் தேவிகா. கோலாலம்பூரிலிருந்து படிக்க வந்து லண்டனிலேயே வேலை தேடிக்கொண்டவர். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல பேரைத் தட்டினா பழைய பேப்பர் தானா வந்து நிக்குது. நீங்கல்லாம் நாள் பூரா அங்க என்னதான் செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"தேத்தண்ணி குடிச்சனாங்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். தொலைபேசியை வைத்த பிறகு கொஞ்சம் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும், கேட்டதில் நியாயம் இருக்கிறது என்றும் பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் இரண்டு வருடம் பெற்றோல் நிலையத்தில் நின்றேன். பிறகு வட லண்டனில் ஒரு பழைய பத்திரிகைக் காப்பகத்தில் தள்ளுவண்டி தள்ளும் வேலை கிடைத்தது. பத்திரிகைகளை ஆறு மாதத்துக்கு ஒன்றாகக் கட்டி, தடித்த அட்டை போட்டு வைத்திருப்பார்கள். ஒரு கட்டு ஒரு சின்னப் பிள்ளையின் பாரம் இருக்கும். அவற்றை அடுக்கிலிருந்து எடுத்து வாசிப்பறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, மாலையில் திருப்பி அடுக்க வேண்டும். நான்கு வருடம் அப்படித் தள்ளியதில் முதுகு வலி வந்தது, எந்தப் பத்திரிகை எந்த அடுக்கில் இருக்கிறது என்ற அறிவும் வந்தது. இரண்டாவதைக் கேள்விப்பட்டு என்னை விசாரணைப் பிரிவுக்குக் கூப்பிட்டார் அதன் தலைவர் ஆஷ்வொர்த் அம்மையார்.

விசாரணைப் பிரிவு என்றதும் பொலிஸ் என்று நினைக்க வேண்டாம். நேரில் வந்து தேட முடியாதவர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். தாத்தா ஓடிய சைக்கிள் போட்டி, கொள்ளுப்பாட்டியின் கல்யாணச் செய்தி, ஊரில் எரிந்துபோன தொழிற்சாலை என்று என்னவெல்லாமோ கேட்பார்கள். நாங்கள் தேடிப் படியெடுத்து அனுப்ப வேண்டும். கவுன்சில் அலுவலகங்களில் பணியாற்றிய என் நண்பர்கள் இதைக் கேட்டுவிட்டு, "இதுக்குச் சம்பளமும் தாறாங்களோ?" என்று கேட்பார்கள்.

ஆஷ்வொர்த் அம்மையார் ஒல்லியான, உயரமான பெண். பழைய தாளின் அருகே பேனா கொண்டுவருவது அவருக்குக் கொலைக்குற்றம். எல்லோரும் பென்சில்தான். அவருடைய பென்சிலின் பின்முனையால் மேசையை இரண்டு முறை தட்டினால் "மறுபடி செய்" என்று அர்த்தம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. வெளியே போகும் ஒவ்வொரு கடிதத்தையும், எழுதியவனை எதிரே உட்காரவைத்து உரக்க வாசிப்பார். நாம் எழுதிய அரைகுறைத்தனம் அவர் குரலில் கேட்கும்போது நமக்கே வெட்கமாகிவிடும்.

அவருடைய பெரிய விதி ஒன்று. தேடியது கிடைக்காவிட்டால் "இல்லை" என்று எழுதக்கூடாது. எந்தப் பத்திரிகை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தப் பக்கங்கள், யார் பார்த்தது என்று ஒரு தாளில் நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தத் தாளுக்கு நான் வெறுங்கைத் தாள் என்று பெயர் வைத்திருந்தேன். "உலகத்தில் இல்லை என்று சொல்ல நாம் யார், மிஸ்டர் நாதன்? நாம் பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்" என்பார். இன்னொரு விதி, ஒருவர் எதைத் தேடுகிறார் என்பதை அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் இன்னொருவரிடம் மூச்சுவிடக் கூடாது. இவை இரண்டும் ஒரே விவகாரத்தில் என் கழுத்தைப் பிடித்தன. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் இருக்கும். அமெரிக்காவிலிருந்து டோனெல்லி என்பவர் கடிதம் எழுதியிருந்தார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். அவருடைய ஊர் ஸ்டோன்புரூக் என்ற பஞ்சாலை நகரம். அந்த ஆலையின் உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில் உதைபந்தாட்டமா என்று அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது. டோனெல்லியின் கடிதத்தை வாசித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே ஆலை முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு அணிகளை நடத்தினார்களாம். ஸ்டோன்புரூக் ஆலை முதலாளி தறிக்கூடத்தின் பக்கத்திலேயே மைதானம் கட்டி, ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்து ஆட்டக்காரர்களைக் கப்பலில் வரவழைத்தார். ஆட்டத்துக்கு ஒரு கூலி, ஆலையில் ஒரு வேலை. வேலை பெயருக்குத்தான். பந்துக்காப்பாளர் நூல் கிடங்குக்குக் காவல், நடு ஆட்டக்காரர் எண்ணெய் போடுபவர், இப்படி. சனிக்கிழமை மத்தியானம் ஆலைச் சங்கு ஊதினால் ஊரே மைதானத்துக்குப் போகும். பிறகு பொருளாதாரம் சரிந்தது, ஆலை மூடியது, கழகமும் போயிற்று. மைதானம் இப்போது கார் தரிப்பிடம் என்று எழுதியிருந்தார்.

அந்தக் கழகம் ஒரேயொரு தடவைதான் பெரிய கிண்ணத்தின் இறுதி ஆட்டம்வரை போனது. அந்த ஆட்டத்தைப் பத்துப் பேருடன் ஆடித் தோற்றது. இடது ஓரத்தில் ஆடும் ஆல்பர்ட் ரென் என்ற லண்டன்காரர் வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் காணாமற் போய்விட்டார். சனிக்கிழமை ஆட்டம். அவருடைய இடத்துக்கு வேறு ஆள் இல்லை. திங்கட்கிழமை வந்த உள்ளூர்ப் பத்திரிகையின் படியை டோனெல்லி இணைத்திருந்தார். மனேஜர் அதில் கொதித்துப்போய்ப் பேசியிருந்தார். இனி அந்த ஆள் எங்கள் சட்டையைத் தொடக்கூடாது என்ற மாதிரி. ஏதோ இங்கிலாந்துக் கழகம் கூடுதல் கூலி காட்டி இழுத்திருக்கும் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. எந்தக் கழகம் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்பதுதான் டோனெல்லியின் கேள்வி.

எனக்குக் கொண்டாட்டம். பாடசாலைக் காலத்தில் நானும் பின்வரிசையில் ஆடியவன். பந்தைவிட எதிராளியின் காலை அதிகம் தொட்டவன் என்று என் சகபாடிகள் சொல்வார்கள், அது பொறாமை. மூன்று வாரம், மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, அந்தக் காலத்து விளையாட்டுப் பக்கங்களைப் படமெடுத்து வைத்த பிலிம் சுருள்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரென் எங்குமே இல்லை. வெறுங்கைத் தாளை நிரப்பிக் கொண்டுபோனேன். அம்மையார் உரக்க வாசித்தார். "பக்கங்கள்" என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார்.

"விளையாட்டுப் பக்கங்கள் மட்டுமா?"

"அவர் உதைபந்தாட்டக்காரர்தானே, மேடம்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். கடிதம் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, தென் லண்டனில் உள்ள ஸ்ட்ரெதத்திலிருந்து திருமதி டோரதி ஹாக்கெட் நேரில் வந்தார். எண்பதைத் தொடும் வயது. நல்ல நீலக் கோட்டு, கைத்தடி. கைத்தடியை நடப்பதற்கு மட்டுமல்ல, ஆட்களைச் சுட்டுவதற்கும் வைத்திருந்தார். கைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து, அதிலிருந்து பழுப்பேறிய பத்திரிகைத் துண்டு ஒன்றை என் முன்னால் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"என் அம்மா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவள் இறந்தது ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு அந்த ஆள் அமெரிக்காவில் பந்து உதைத்துக்கொண்டிருந்தார். அவர் எத்தனை கோல் போட்டார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததும் இதைக் குப்பையில் போடப்போகிறேன்."

அந்த ஆள் என்றது அப்பாவை. அம்மாவின் அக்காதான் இவரை வளர்த்தாராம், நம் முறையில் பெரியம்மா. அப்பா எங்கே என்று சின்ன வயதில் கேட்கும் போதெல்லாம் பெரியம்மா இந்தத் துண்டை எடுத்துக் காட்டுவாராம். இவருக்கு ஒன்பது வயதானபோது, அப்பா இறந்துவிட்டதாகத் தகவல் வந்த அன்றும் இதைத்தான் காட்டினாராம்.

துண்டைப் பார்த்தேன். இறுதி ஆட்டத்துக்கான இரண்டு அணிகளின் பெயர்ப் பட்டியல். அந்தக் காலத்தில் பந்துக்காப்பாளரில் தொடங்கி இடது ஓரத்தில் முடிப்பார்கள். பதினோராவது பெயர் ரென். மேலே ஸ்டோன்புரூக் மில்ஸ். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "சனிக்கிழமைதான் ஆட்டம், லில். என்னை நினைத்துக்கொள்."

இந்தப் பெயர்களில் பத்து எனக்கு மனப்பாடம். டோனெல்லி அனுப்பிய திங்கட்கிழமைச் செய்தியில் அதே பத்துப் பேர், அதே வரிசையில். பதினோராவது இடத்தில் மட்டும் ஒருவரும் இல்லை. அமெரிக்காவில் ஒரு ஊர் முழுக்க, இந்த மனிதன் இறுதி ஆட்டத்துக்கு வரவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு மகள், இறுதி ஆட்டத்துக்குப் போனார் என்று திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கோபமும் என் மேசையில் எட்டு மாத இடைவெளியில் வந்து விழுந்திருக்கின்றன.

வாய்வரை வந்ததை விழுங்கினேன். டோனெல்லியின் சம்மதம் இல்லாமல் அவர் அனுப்பியதைக் காட்ட முடியாது. "கொஞ்சம் தேட வேண்டும், நாலு வாரம் தாருங்கள்" என்றேன். "எழுபது வருடத்துக்கு மேல் பொறுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அம்மையாரின் அறைக்கு ஓடினேன். கேட்டு முடித்ததும் முதலில் அந்தப் பழைய வெறுங்கைத் தாளைக் கொண்டுவரச் சொன்னார். அதை மேசையில் விரித்துவைத்துப் பென்சிலால் இரண்டு முறை தட்டினார்.

"நீங்கள் ஒரு உதைபந்தாட்டக்காரரைத் தேடியிருக்கிறீர்கள், மிஸ்டர் நாதன். ஒரு மனிதன் வாரத்தில் ஒன்றரை மணி நேரம்தான் உதைபந்தாட்டக்காரன். மிச்ச நேரம் அவனை யார் தேடுவது? நானும் கையெழுத்துப் போட்டேன், அதனால் வெட்கம் இருவருக்கும்தான். அவர் வியாழக்கிழமை எங்கே போனார் என்று நமக்கு இன்னும் தெரியாது. குடிக்கப் போயிருக்கலாம். தெரியாததை அந்த அம்மாளுக்கு ஆறுதலாகக் கொடுக்கக்கூடாது."

அன்றே டோனெல்லிக்குச் சம்மதம் கேட்டு எழுதினோம். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தாராளமாகக் காட்டலாம், ஆனால் புத்தகம் மாத முடிவில் அச்சுக்குப் போகிறது, அந்த இறுதி ஆட்டத்து அத்தியாயத்துக்கு 'விட்டோடியவன்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்தத் தலைப்பு எனக்குள் முள்ளாகக் குத்தியது. ஆனால் நான் என்ன செய்வது? ஸ்ட்ரெதம் பகுதியின் வார இதழைக் கட்டுக் கட்டாக இறக்கினேன். திருமதி ஹாக்கெட்டின் அம்மா லில்லி ரென்னின் மரண அறிவித்தல் கிடைத்தது. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் பட்டியலும் அடுத்த இதழில் கிடைத்தது. கணவரின் பெயர் அதில் இல்லை. பெரியம்மா சொன்னது உண்மைதான் போலிருக்கிறது என்று மனம் சோர்ந்துபோனது.

அந்தச் சனிக்கிழமை தென் லண்டனில் என் வீட்டில் இருந்தேன். மனைவி ராணி, தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுக்கும் பத்திரிகையை விரித்துவைத்துக்கொண்டு பொரிந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, சாமிநாதன் அண்ணையின்ரை முப்பத்தோராம் நாள் நன்றி நோட்டீஸ் வந்திருக்கு. செத்தவீட்டுக்கு மூண்டு நாள் சமைச்சுக் குடுத்தனான். மண்டபத்திலை கதிரை அடுக்கினவையின்ரை பேரெல்லாம் கிடக்கு. எங்கடை பேரைக் காணேல்லை."

"விடும், மறந்திருப்பினம்."

"ஏன் மறக்கோணும்? கனடாவிலை இருந்து பிந்தி வந்த மோன் தானே போட்டவன். செத்தவீட்டுக்கு நிக்க ஏலாமல் போச்செண்டு அதிலை எழுதியும் இருக்கிறான். எழுதத் தெரியுது, ஆரிட்டையாவது கேட்டுப் போடத் தெரியேல்லை."

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். பிந்தி வந்த ஆள். நன்றி நோட்டீஸ். வெள்ளைக்காரர்களும் அந்தக் காலத்தில் உள்ளூர் இதழ்களில் நன்றி அறிவித்தல் போடுவார்கள், நூறு தடவை கண்ணில் பட்டிருக்கிறது. நான் மரணத்தைத் தேடினேன், சடங்கைத் தேடினேன், அத்தோடு கட்டை மூடிவிட்டேன். எங்கள் ஆட்கள் யாராவது செத்தவீட்டோடு கணக்கை மூடுவார்களா? முப்பத்தோராம் நாள்வரை ஓயமாட்டார்களே. அது தெரிந்த நானே இந்தப் பிழையை விட்டிருக்கிறேன்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"ஒரு இடமும் இல்லை. திங்கக்கிழமை வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மறுபடி பத்திரிகைக்குள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை முதல் ட்ராமில் வெளிக்கிட்டேன். மரணத்துக்குப் பிந்திய முதல் வார இதழில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவது, நான்காவதிலும் இல்லை. ஐந்தாவது வார இதழில், வாடகை அறை விளம்பரங்களுக்குக் கீழே ஆறு வரிகள் இருந்தன. மறைந்த லில்லியின் கணவர் ஆல்பர்ட் ரென், மனைவியின் கடைசி நாட்களில் அன்பு காட்டிய தாதியருக்கும், தமக்கு அமெரிக்காவுக்குத் தந்தி அடித்த பக்கத்து வீட்டாருக்கும் நன்றி கூறியிருந்தார். தந்தி கிடைத்த அன்றே, ஒரு வியாழக்கிழமை, வேலையை விட்டுப் புறப்பட்டும் நேரத்துக்கு வந்துசேர முடியாமற் போனதற்கு வருந்தியிருந்தார். கீழே ஸ்ட்ரெதத்தில் ஒரு விலாசம்.

வாசிப்பறையில் சத்தம் போடக்கூடாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி. நான் சத்தம் போடவில்லை. ஆனால் கண் கலங்கியது. அதற்கு விதி ஒன்றும் இல்லை.

திருமதி ஹாக்கெட் வந்தபோது அம்மையார் தம்முடைய அறையிலேயே உட்காரவைத்தார். மூன்று தாள்களையும் நாள் வரிசையில் வைத்தோம். நான் எதையும் விளக்கக்கூடாது, தேதிகளை மட்டும் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. அவருடைய துண்டு புதன்கிழமைப் பத்திரிகையில் வெட்டியது என்று சொன்னேன். பட்டியலை முன்கூட்டியே போட்டிருக்கிறார்கள். ஆல்பர்ட் அதைத் தபாலில் போட்டது தந்தி வருவதற்கு முன். திங்கட்கிழமைச் செய்தியில் பத்துப் பெயர்கள். பிறகு ஐந்தாவது வாரத்து ஆறு வரிகள்.

அவர் அந்த ஆறு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். தேநீர் ஆறிப்போயிற்று.

"இந்த விலாசம் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு" என்றார் கடைசியில். "பெரியம்மா கதவைத் திறந்திருக்க மாட்டாள். அவள் எனக்குத் தினமும் சமைத்துப் போட்டாள், காய்ச்சலில் கூடவே இருந்தாள். இதையும் செய்திருக்கிறாள். இப்போது நான் யாரோடு கோபிப்பது?"

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். பிறகு கைத்தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"ஆக, அந்தச் சனிக்கிழமை அவர் தங்களோடு இல்லை என்று இரண்டு நாடுகள் கோபித்துக்கொண்டிருந்தன. அவர் நடுக்கடலில் இருந்திருக்கிறார்."

அப்போது அம்மையார் அமெரிக்கப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். அது மாத முடிவில் அச்சுக்குப் போவதையும், அந்த அத்தியாயத்தின் தலைப்பையும் சொன்னார். லண்டனில் கிடைத்தது அவருடைய குடும்ப விவகாரம், அவர் சம்மதித்தால் மட்டுமே எழுதுவோம், சம்மதிக்காவிட்டால் இந்தக் கதவுக்கு வெளியே ஒரு சொல்லும் போகாது என்றார். வெளியே போனால் பெரியம்மாவின் கதையும் கூடவே போகும் என்பது மூவருக்கும் தெரியும். நான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். என்னைக் கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அவர் திங்கட்கிழமைச் செய்தியைத் திரும்ப எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"எத்தனைக்கு எத்தனை?"

"இரண்டுக்கு ஒன்று, மேடம்" என்றேன்.

"பத்துப் பேராக நின்றா?"

"ஆமாம்."

"ஒரே ஒரு கோல்தானா வித்தியாசம்?" முகம் மெல்ல மலர்ந்தது. எண்பது வயதில் ஒருவர் தன் வீட்டாரை நினைத்து முதல் தடவை பெருமைப்படுவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "அப்படியென்றால் அந்தப் பல் வைத்தியருக்கு எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள். என் அப்பா ஆடியிருந்தால் அவர்கள் தோற்றிருக்க மாட்டார்கள், அதையும் எழுதுங்கள்."

நான் அம்மையாரைப் பார்த்தேன். அது வெறும் ஊகம். தேதியும் பக்கமும் இல்லாத ஒரு வரி அந்த அறையிலிருந்து வெளியே போய் நான் கண்டதில்லை. அவர் பென்சிலை எடுத்தார். தட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்துவைத்துக்கொண்டு கேட்டார்:

"அதைக் கடிதத்தின் தொடக்கத்தில் போடலாமா, கடைசியில் போடலாமா, மிஸ்டர் நாதன்?"